“சின்னப் பையன்தானே” என்று விட்டுவிடலாமா?



பையனின் சட்டைப் பையில் கூல் லிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போய் வரும் தாய்மார்களை நம் அலுவலகத்தில் சந்திக்கிறோம். உடன் வரும் அத்தாமார்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: “சின்னப் பையன்தானே! ஏலத் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பினால் திருந்திவிடுவான். இல்லையென்றால் காலாகாலத்தில் ஒரு நிக்காஹ் முடித்துவிடலாம்.”

சின்ன வயது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

மூளையில் இன்பத்தைத் தேடும் பகுதி பதின்ம வயதிலேயே வேகமாக வேலை செய்யத் தொடங்குகிறது. “வேண்டாம், நிறுத்து” என்று கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதியோ ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த இடைவெளியில் புகையிலை, கஞ்சா, மது போன்றவை நுழைந்தால், வளரும் மூளை அவற்றுக்கு ஏற்பவே பழகிவிடுகிறது. பழக்கத்தை விட்ட பிறகும் அந்தத் தடம் எளிதில் அழிவதில்லை. பிற்காலத்தில் ஒரு கஷ்டம், ஒரு கூடா நட்பு வந்தால் மனம் மீண்டும் அங்கேயே ஓடுகிறது.

1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தனர். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் இது சுமார் 10 சதவீதம். குடும்பச் சூழலும் பரம்பரையும் இதில் சேரும். ஆகவே இதைத் தலைவிதி என்று எண்ண வேண்டாம். ஆனால், பிள்ளையைப் போதை நெருங்காமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அவனுக்குப் பாதுகாப்புதான்.

பஞ்சர் சொல்யூஷன், தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடமே அதிகம் என்று எய்ம்ஸ் மருத்துவமனையின் 2019 அறிக்கை கூறுகிறது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருந்தும், பள்ளி மாணவர்களிடம் கூல் லிப் பரவுவது குறித்து 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

பையனை அடிக்காதீர்கள். எப்போதிருந்து, யாரிடம் வாங்கினான் என்று பொறுமையாகக் கேளுங்கள். மானம் போய்விடும் என்று மறைக்காமல் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சிறுவர்களுக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

நோயை மறைத்துச் செய்யும் நிக்காஹ், இன்னொரு வீட்டுப் பெண் பிள்ளையையும் அந்தத் துன்பத்தில் தள்ளிவிடும். போதை ஹராம் என்று எடுத்துச் சொல்வது நம் கடமை. நோயாகிவிட்ட பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பதும் நம் கடமையே.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.