இளஞ்சிவப்பாக மாறினால் ரத்தம்தானா?

கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் ஊருக்குப் போனதும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விடுதிகளில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் நடக்கும் கோடை வகுப்புகள் அவர்களுக்கு உண்டு. அவற்றில் தடய அறிவியல் வகுப்பும் ஒன்று. 2000-இல் 'சிஎஸ்ஐ' தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியதிலிருந்து, ஆய்வுக்கூடத்தில் இருந்தபடியே கொலைகாரனைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பார்வையாளர்களிடம் ஊறியிருக்கிறது. அந்த நம்பிக்கையோடு வரும் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்க வேண்டிய முதல் பாடம் பொறுமை.

வகுப்பறை ஒன்றைக் குற்றம் நடந்த இடமாக ஜோடித்து வைத்திருப்பார்கள். கவிழ்ந்த நாற்காலி, தரையில் கறை, மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர். உள்ளே போனதும் டம்ளரை எடுக்கத்தான் கை நீளும். எடுக்கக் கூடாது. எண் அட்டை வைத்துப் படம் எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும். அதன் பிறகுதான் தொடலாம், அதுவும் கையுறையோடு.

தரையில் இருக்கும் கறை ரத்தமா என்று பார்க்க காஸில்-மேயர் சோதனை இருக்கிறது. நம் பிளஸ் டூ மாணவர்கள் தரம் பார்க்கும்போது பியூரெட்டுக்குக் கீழே குடுவையில் சொட்டு விடுவார்களே, அதே பினாப்தலீன்தான் இதிலும். துத்தநாகத் தூளோடு காரக் கரைசலில் கொதிக்கவைத்து, அதை நிறமற்றதாக ஆக்கியிருப்பார்கள். கறையைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி, ஒரு சொட்டு ஆல்கஹால், ஒரு சொட்டு அந்தக் கரைசல், கடைசியாக ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட வேண்டும். ரத்தமாக இருந்தால், ஹீமோகுளோபினில் உள்ள இரும்புப் பகுதி வினையைத் தூண்டிவிட, சில நொடிகளில் பஞ்சு இளஞ்சிவப்பாகிவிடும்.

இந்தச் சோதனையில் சொட்டுகளின் வரிசைக்கே பொருள் உண்டு. பெராக்சைடு விடுவதற்கு முன்பே நிறம் வந்துவிட்டால், வேறு ஏதோ வேதிப்பொருள் அந்த வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். பஞ்சை அப்படியே வைத்திருந்தால் காற்று பட்டே சிறிது நேரத்தில் நிறம் ஏறிவிடும். அதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. போதாததற்கு, பெராக்சிடேஸ் என்ற நொதி இருப்பதால் சில தாவரங்களின் சாறும் பஞ்சைச் சிவக்கவைத்துவிடும். கோழி ரத்தமும் இதே நிறத்தைத்தான் தரும். ஆகவே பஞ்சு சிவந்தால் அறிக்கையில் எழுதக்கூடியது 'ரத்தமாக இருக்கக்கூடும்' என்பது மட்டுமே. மனித ரத்தமா, யாருடையது என்பதற்கெல்லாம் வேறு சோதனைகள் வேண்டும். பதினாறு வயதில் ஒரு பிள்ளை, நிறம் மாறிய பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, 'கூடும்' என்று எழுதி நிறுத்தப் பழகுவதைப் பெரிய கல்வியாகவே நான் நினைக்கிறேன்.

ஏன் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2004 மார்ச் 11 அன்று ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடில் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிதூண்டிகள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் தெளிவில்லாத விரல்ரேகை ஒன்று கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ கணினியில் தேடியபோது வந்த 20 பேர் பட்டியலில் ஓரிகான் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டும் இருந்தார். எஃப்பிஐயின் நிபுணர்கள் மூவர் அது அவருடைய ரேகைதான் என்றார்கள். நீதிமன்றம் நியமித்த நிபுணரும் ஒத்துக்கொண்டார். மேஃபீல்டு இரண்டு வாரம் சிறையில் இருந்தார். ஸ்பெயின் போலீஸ் மட்டும் தொடக்கத்திலிருந்தே ஏற்கவில்லை. அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று கடைசியில் அவர்களே கண்டுபிடித்தார்கள். எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. பிறகு அமெரிக்க அரசு அவருக்கு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

தவறு எங்கே நுழைந்தது என்று பின்னர் விசாரித்தார்கள். மேஃபீல்டின் தெளிவான ரேகையைப் பார்த்த நிபுணர்கள், அதில் கோடுகள் கிளைபிரியும் இடங்களையும் முடியும் இடங்களையும் மங்கலான ரேகையிலும் தேடிப்போய் 'கண்டிருக்கிறார்கள்'. இதைச் சோதித்துப் பார்த்தவர் உளவியல் ஆய்வாளர் இடியெல் ட்ரோர். 2006-இல் வெளியான அவருடைய ஆய்வில் அனுபவம் மிக்க நிபுணர்கள் ஐவரிடம் ஒரு ஜோடி ரேகைகளைக் கொடுத்து, 'எஃப்பிஐ தவறாகப் பொருத்திய மாட்ரிட் ரேகை இதுதான்' என்றார்கள். உண்மையில் அவை ஒவ்வொருவரும் சில ஆண்டுகளுக்கு முன் 'பொருந்துகிறது' என்று தாமே கையெழுத்திட்ட ரேகைகள். இந்த முறை ஒருவர் மட்டுமே பழைய முடிவில் நின்றார். மூவர் 'பொருந்தவில்லை' என்றார்கள், ஒருவர் முடிவு சொல்ல இயலாது என்றார். ரேகை அதேதான், காதில் விழுந்த சேதிதான் வேறு.

தடய அறிவியல் நமக்குத் தூரத்தில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது. இதற்கான ஏற்பாட்டைச் செய்ய மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். 1849-லேயே மதராஸில் வேதியியல் பரிசோதகர் ஆய்வுக்கூடம் அமைந்தது நம் மாநிலத்தின் பெருமை. இனி வேண்டியது ஆட்கள், நிறைய ஆட்கள். இன்று பிளஸ் ஒன் படிப்பவர்கள் பட்டம் முடித்து வரும்போது இந்த வேலைகள் காத்திருக்கும்.

நம் பள்ளிகளும் மே மாதத்தில் ஒரு வாரம் இப்படித் தடய அறிவியல் வகுப்பு நடத்தலாம். ரேகை ஒப்பீட்டுக்கு ஸ்டாம்ப் பேடும் பூதக்கண்ணாடியும் வெள்ளைத்தாளும் போதும். விதி ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: மங்கலான ரேகையில் தான் காணும் புள்ளிகளை மாணவர் முதலில் பேனாவால் குறித்து, தாளை ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். சந்தேக நபரின் ரேகையை அதற்குப் பிறகுதான் கண்ணில் காட்ட வேண்டும். மாட்ரிட் வழக்குக்குப் பிறகு எஃப்பிஐயும் தன் நடைமுறையை இந்த வரிசைக்குத்தான் மாற்றிக்கொண்டது. தரும் ரேகைகளில் ஒரு ஜோடியாவது எந்த முடிவுக்கும் வர முடியாத அளவுக்கு மங்கலாக இருக்கட்டும். அதற்கு 'போதுமான விவரம் இல்லை' என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் போட வேண்டும்.