திருமயம் கோட்டையில் ராஜா எங்கே இருந்தார்?

திருமயம் கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களில் பலரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சினிமாவில் வரும் கோட்டைக்குள் தர்பார் இருக்கும், அந்தப்புரம் இருக்கும், குதிரை லாயம் இருக்கும். இங்கே மூச்சு வாங்கப் படியேறி உச்சிக்குப் போனால் ஒரு கொத்தளம், அதன்மேல் ஒரு பீரங்கி, சுற்றிலும் மொட்டைப் பாறை, காற்று. இவ்வளவுதானா என்று தோன்றிவிடும். இதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோட்டை எல்லாமே அரண்மனை அல்ல. ராஜா குடியிருக்கக் கட்டியது ஒரு வகை. எதிரி வந்தால் ஒதுங்கி, தாக்குப்பிடித்து, அவன் அலுத்துப் போகும்வரை காத்திருக்கக் கட்டியது இன்னொரு வகை. திருமயம் இரண்டாவது வகை. புதுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர், காரைக்குடி போகும் வழி. ராமநாதபுரம் சேதுபதிகளின் சீமைக்கு இது வடக்கு ஓரம். அந்த ஓரத்தைக் காக்கத்தான் 1687-இல் கிழவன் சேதுபதி இங்கே கோட்டை எழுப்பினார். ராமநாதபுரத்தைத் தலைநகராக்கியவரும் அவரே. புதுக்கோட்டையில் தொண்டைமான் வம்சத்தை நிலைநிறுத்தியதும் அவர்தான். தம் மனைவி காதலி நாச்சியாரின் சகோதரர் ரகுநாதத் தொண்டைமானிடம் அந்தச் சீமையை ஒப்படைத்தார். திருமயம் கோட்டை தொண்டைமான் கைக்கு வந்தது அதற்குப் பிறகு, 18-ஆம் நூற்றாண்டில்.

சேதுபதி ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்? சுற்றிப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. கண்மாய், பொட்டல், முள்ளுக்காடு, நடுவில் ஒற்றைப் பாறை. மேலே நிற்பவனுக்குத் தெரியாமல் ஒரு படை இந்தப் பக்கம் வர முடியாது. அடுத்தது, அந்தக் காலத்தில் கோட்டையைப் பிடிக்க எதிரி செய்யும் வேலைகளில் முக்கியமானது சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பது. கருங்கல் பாறையில் அது நடக்காது. பாதிக் கோட்டையை இயற்கையே கட்டி வைத்திருந்தது. மீதிப் பாதிதான் மனிதன் கட்டியது.

அந்த மீதிப் பாதியைப் பார்ப்போம். மலையைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள், அவற்றைச் சுற்றி அகலமான அகழி. இதுதான் பழைய அமைப்பு. இன்று நான்கு மதில்கள் எஞ்சியிருக்கின்றன. வடக்கு, தெற்கு, தென்கிழக்கு என்று மூன்று வாசல்கள். ஏழு மதில் என்பது வீண் ஆடம்பரம் இல்லை. ஒரு மதிலை உடைத்து உள்ளே வந்தவன் இன்னொரு மதிலின் காலடியில் நிற்கிறான். மேலே இருப்பவன் துப்பாக்கிக்கு அவன் நேர் இலக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அவனுடைய ஆள், மருந்து, பொழுது எல்லாம் கரைகின்றன. ஏறியவன் களைத்திருக்கிறான், காவல் காப்பவன் களைக்கவில்லை. வளைய வளையமாகக் கட்டிய கோட்டைகளின் கணக்கு இதுதான்.

மதிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடிப்பகுதி கல். அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கைப்பிடிச் சுவர். அதில் வரிசையாகத் துளைகள். காற்றுக்காக விட்ட துளைகள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை துப்பாக்கி நீட்டுவதற்கானவை. அந்தத் துளை வழியாக ஒரு முறை வெளியே பாருங்கள். கீழே உள்ள சரிவு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, கீழே இருப்பவனுக்கு நீங்கள் எவ்வளவு தெரியமாட்டீர்கள் என்பது அந்த நொடியில் புரிந்துவிடும். வில்லும் வேலும் மட்டும் வைத்துச் சண்டை போட்ட காலத்துக் கோட்டை இல்லை இது. மருந்தும் குண்டும் வந்துவிட்ட காலத்துக் கோட்டை. ஏறும் வழியில் வெடிமருந்து வைத்த அறை இருக்கிறது. உச்சியில் பீரங்கி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மேலே இருக்கும் அந்த மொட்டைக் கொத்தளத்துக்கு அர்த்தம் வரும்.

இனி தண்ணீர். எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள், பாறை மேல் மழைநீர் தேங்கும் சுனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முற்றுகையில் கோட்டையின் உயிரே தண்ணீர்தான். ஸ்காட்லாந்தில் எடின்பரோ கோட்டை எரிமலைப் பாறை மேல் நிற்கிறது, எளிதில் ஏற முடியாது. ஆனால் 1573-இல் ஆங்கிலேயப் பீரங்கிகள் அதன் பெரிய கோபுரத்தை இடித்தன. இடிபாடு விழுந்து உள்ளே இருந்த கிணறு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு கோட்டை சில நாள்தான் தாங்கியது. இரண்டு வருஷம் நின்ற முற்றுகை தாகத்தில் முடிந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு திருமயம் சுனைக்குப் பக்கத்தில் போய் நின்றால் அதை வெறும் குட்டை என்று சொல்ல மனசு வராது.

திருமயம் தாக்குப்பிடித்ததா? பிடித்தது. 1730-களில் தஞ்சாவூர் மராட்டியப் படை ஆனந்தராவ் தலைமையில் புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்தது. ஊர்கள் ஒவ்வொன்றாகப் போயின. தொண்டைமான் ஒதுங்கிய இடம் திருமயம். படை வந்து சூழ்ந்தும் கோட்டை விழவில்லை. ராஜா எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு இதுதான் பதில். நல்ல நாளில் அவர் இங்கே இருக்கவில்லை. நாடே கைவிட்டுப்போன நாளில் அவருக்கு மிஞ்சிய இடம் இது.

இந்தப் பக்கத்தில் இதை ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்தார் என்பது ஒரு வழக்கு, சிறை வைக்கப்பட்டிருந்தார் என்பது இன்னொரு வழக்கு. கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில், 1799-இல். ஊமைத்துரையைத் தூக்கிலிட்டது 1801-இல், பாஞ்சாலங்குறிச்சியில். நடுவில் திருமயம் வரும் பகுதி ஊர் வாய்மொழி. அதை வாய்மொழியாகவே மதிப்போம்.

கோட்டைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் முன்னாலேயே இந்தப் பாறைக்கு ஆள் வந்துவிட்டார்கள். தெற்குச் சரிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடைவரைகள். ஒன்று சத்தியகிரீசுவரர் கோயில், மற்றது 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள், காலடியில் நெருங்கிவரும் அசுரர்கள், அவர்களை நோக்கி ஆதிசேடன் கக்கும் தீ, பின்சுவரில் பதறி நிற்கும் தேவர்கள் என்று ஒரு முழுக் காட்சி அங்கே இருக்கிறது. கோட்டைக்குள்ளும் மேற்குச் சரிவில், வெடிமருந்து அறைக்கு எதிரே, ஒரு சின்னக் குடைவரை. உள்ளே சதுர ஆவுடையார் மேல் லிங்கம்.

சிவன் கோயிலில் அவசியம் பார்க்க வேண்டியது ஒரு கல்வெட்டு. இரு கோயில்களுக்கும் வருமானத்தைப் பங்கிடுவதில் நெடுநாள் வழக்கு. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் அது தீர்ந்தது. அந்தத் தீர்ப்பைப் பொறிக்க இடம் வேண்டும் என்று, பாறையில் முன்பே இருந்த இசைக் கல்வெட்டின் பெரும்பகுதியைக் கொத்தி அழித்துவிட்டார்கள். குடுமியான்மலையில் இன்று உலகமே வந்து பார்க்கிறதே, அந்த வகைக் கல்வெட்டு. இங்கே துண்டு துண்டாக மிஞ்சியதுதான் மிச்சம். வழக்கு தீர்ந்தது நல்லதுதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வடக்கு மதிலை ஒட்டி நிற்கும் கோட்டை பைரவர் முன்னால் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் டிரைவர்கள் போவது அபூர்வம். அவர்களில் எத்தனை பேர் பக்கத்தில் மலை ஏறியிருப்பார்கள் என்பதுதான் என் கவலை. அடுத்த முறை காலையிலேயே வாருங்கள், மத்தியானம் கோயில் நடை சாத்திவிடும். முதலில் குடைவரைகள், பிறகு மதில், பிறகு சுனை, கடைசியில் பீரங்கி என்ற வரிசையில் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். சுவரில் பெயர் கீறினால் என்ன போகும் என்று அவர்கள் கேட்டால், அந்த இசைக் கல்வெட்டு இருந்த இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். ஒரு முறை கொத்திவிட்ட எழுத்து திரும்ப வராது.