எள்ளினும் சிறிய உண்ணியும் லைம் நோயும்

இரு தாய்மாரின் விடாமுயற்சி மருத்துவ உலகுக்குப் புதியதொரு நோயை அறிமுகஞ் செய்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலே, காடு சூழ்ந்த லைம் என்னும் ஊரில் வாழ்ந்தவர் பொலி மறே. அவரும் அவர் பிள்ளைகளும் மூட்டு வீக்கத்தால் நெடுநாள் வருந்தினர். அயலிலும் அதே வேதனை. அவர் நோய்க்குறிகளையெல்லாம் எழுதி வைத்தார். 1975ஆம் ஆண்டில் அவரும் வேறொரு தாயும் தனித்தனியே அதிகாரிகளிடம் முறையிட்டனர். யேல் பல்கலைக்கழகத்து டாக்டர் அலன் ஸ்ரியர் ஆராய்ந்தபோது, அச்சுற்றாடலில் 51 பேர் அவ்வாறு வருந்தியமையும், அவர்களில் 39 பேர் சிறுவர் என்பதும் புலனாயின. 1981இல் வில்லி பேர்க்டோர்வர் என்னும் அறிஞர் உண்ணியின் குடலிலே சுருள் வடிவான பற்றீரியாவைக் கண்டார். நோயின் காரணம் அதுவே.

இந்நோய் இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காணப்படுகின்றது. நம் உறவினர் பலர் வாழும் கனடாவின் தென்பகுதியும் இதற்கு விலக்கன்று. ஆதலின் இதனை நாமும் அறிந்திருத்தல் நன்று.

இவ்வுண்ணியின் இளம்பருவம் எள்ளினும் சிறியது, கடித்தாலும் வலிப்பதில்லை. ஆயினும், பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தாலே கிருமி உடலிற் புகும். எனவே புற்புதர்களில் உலவும்போது நீண்ட காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளல் வேண்டும். வீடு திரும்பியதும் அக்குள், முழங்காலின் பின்புறம், தலைமயிர் ஆகிய இடங்களைச் சோதித்தல் வேண்டும். உண்ணியைக் கண்டால் நெருப்பாற் சுடுதலும் எண்ணெய் பூசுதலும் ஆகா. கூரிய சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேரே மெல்ல இழுத்தெடுத்தலே முறை.

கடித்த மறுநாளே இரத்தப் பரிசோதனைக்கு ஓடுவதாற் பயனில்லை. அப்பரிசோதனை தேடுவது கிருமியை அன்று. அதற்கெதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளையே. அவை தோன்றச் சில வாரங்கள் செல்லும். ஆகவே தொடக்கத்தில் ‘நோயில்லை’ என முடிவு வந்தாலும் ஐயம் தீர்ந்ததென எண்ணலாகாது. கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள் சிவந்த தடிப்பொன்று விரிந்து பரவுமாயின், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே மருத்துவர் சிகிச்சை தொடங்குவர். உரிய காலத்தில் மருந்துண்டால் பெரும்பாலோர் பூரண குணமடைவர்.

தடிப்பு எல்லோருக்கும் தோன்றுவதில்லை. காய்ச்சலோ மூட்டு நோவோ வந்தால், உண்ணி கடித்த நாளையும் இடத்தையும் மருத்துவரிடம் தவறாது கூறுதல் வேண்டும். லைம் ஊர்த் தாய் செய்தது போல, அவற்றை அன்றே குறித்து வைப்போமாக.