லபுபு தெரியும்... சுனாமிகா தெரியுமா? விலையே இல்லாத புதுச்சேரி பொம்மை!

முயல் காது, கூரான பற்கள், குறும்புச் சிரிப்பு... கல்லூரிப் பெண்களின் பைகளில் தொங்கும் லபுபு பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லங், 2015-ல் தன் படக்கதைக்காக உருவாக்கிய குட்டிப் பூதம் அது. 2025 ஜூனில் பீஜிங்கில் நடந்த ஏலத்தில், நான்கடி உயர லபுபு ஒன்று நம் மதிப்பில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் விலைபோனது!

ஆனால், எத்தனை கோடி கொடுத்தாலும் விலைக்குக் கிடைக்காத பொம்மை ஒன்று புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. பெயர், சுனாமிகா.

2004 டிசம்பர் 26. சுனாமியில் படகும் வலையும் போயின. மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய பெண்களுக்கும் வேலை இல்லை. பழகிய கடலைப் பார்க்கவே பயம்.

ஆரோவில்லில் உள்ள உபாசனா ஆடை வடிவமைப்பு நிறுவனமும் அதன் நிறுவனர் உமா பிரஜாபதியும் அந்தப் பெண்களின் கையில் ஊசி, நூலைக் கொடுத்தார்கள். தைத்ததுபோக மிஞ்சிய துண்டுத் துணிகளில் பிறந்தவள்தான் இந்த விரலளவு சுனாமிகா. கையால் தைப்பதால், ஒருத்தியைப்போல இன்னொருத்தி இருப்பதில்லை.

மனக்காயத்துக்கு மருந்தாகத் தொடங்கிய தையல், வருமானமாகவும் மாறியது. ஆனாலும், சுனாமிகாவை விற்பதில்லை, பரிசாகத்தான் தருகிறார்கள். விரும்புபவர்கள் தரும் நன்கொடையிலிருந்து, தைக்கும் பெண்களுக்குக் கூலி போகிறது. இப்படியே பல நாடுகளுக்குப் போய்விட்டாள் சுனாமிகா.

உங்களுக்கும் ஒருத்தி கிடைத்தால், விலை மட்டும் கேட்காதீர்கள்!