பஞ்சுக்குள் ஓடிய பூச்சி: விவசாயிக்கு எந்த லென்ஸ் உதவும்?

ஆத்தூர் பக்கம் ஒரு குச்சிக்கிழங்குத் தோட்டம். ஒன்றரை ஏக்கர், ஐந்து மாதப் பயிர். மாசி வெயில் ஏறியதும் நுனிக்குருத்துகள் சுருண்டு கொத்துக்கொத்தாக நின்றன. இலைக்கு அடியில் பஞ்சை ஒட்டிவைத்தது போல வெள்ளை. தோட்டக்காரர் செல்போனில் ஒரு படம் எடுத்து, உதவி வேளாண்மை அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "சார், என்ன மருந்து அடிக்கலாம்?"

"அண்ணே, வெள்ளையா ஏதோ இருக்குன்னு மட்டும்தான் தெரியுது. பூச்சி தெரியல. கிட்டப் போய் இன்னொண்ணு எடுங்க" என்று பதில் வந்தது. கிட்டப் போனார். படம் முன்னைவிட மங்கியது.

மறுநாள் காலை மருந்துக்கடைக்கு வண்டியை எடுத்தவரைக் கல்லூரியில் படிக்கும் மகள் நிறுத்தினாள். "இருங்கப்பா, என் லென்ஸைப் போட்டு ஒரு படம் எடுத்துடலாம்." பூக்களையும் பட்டாம்பூச்சிகளையும் படம் எடுப்பதற்காக அவள் வாங்கி வைத்திருந்த கிளிப் லென்ஸ் அது. விலை சில நூறு ரூபாய். செல்போன் கேமராவின் கண்ணுக்கு மேல் துணி கிளிப் போலக் கவ்விக்கொள்ளும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி ஒரு நிமிடம் வீடியோ எடுத்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் கவனித்தார்: "ஏனுங்க, எல்லாம் அசையாம இருக்குது, இது ஒண்ணு மட்டும் ஓடுது பாருங்க."

ஓடியது மாவுப்பூச்சி அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்தப் பொறிவண்டு 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த வண்டு கருப்பு உடலும் ஆரஞ்சு நிறத் தலையுமாக இருப்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். புழுப்பருவத்தில்தான் சிக்கல். அதன் உடல் முழுக்க வெள்ளை மெழுகு இழைகள் தொங்கும்; தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிதாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், இழைகள் நீளமாக இருக்கும், வேகமாக நகரும். வெறும் கண்ணுக்கு இரண்டுமே வெள்ளைதான். "மாவுப்பூச்சி பெருசு பெருசா வந்திருச்சு" என்று நினைத்து, காப்பாற்ற வந்தவனையே மருந்தடித்துக் கொல்லும் தோட்டங்கள் நிறைய. மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் மாவுப்பூச்சியில் ஒரு பங்கு எப்படியும் பிழைத்துக்கொள்ளும். எதிரி இல்லாத தோட்டத்தில் அது மறுபடி பெருகும். இரண்டாம் தடவை மருந்து, மூன்றாம் தடவை மருந்து என்று செலவு நீளும்.

வண்டி அன்று கடைக்குப் போகவில்லை. மோசமாகச் சுருண்ட நுனிகளை மட்டும் கிள்ளி எரித்துவிட்டு, மற்றதை விட்டுவைக்கச் சொன்னார் அலுவலர்.

எந்த லென்ஸ், எதற்கு?

செல்போனில் மூன்று கண், நான்கு கண் என்று வைத்துவிட்டு, அதில் ஒன்றை 'மேக்ரோ' என்று சொல்லி விற்கிறார்கள். குறைந்த விலை போன்களில் அது பெரும்பாலும் 2 மெகாபிக்சல் கேமரா. அதில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் பூச்சி கரைந்துபோகும். அதைவிட, முதன்மைக் கேமராவில் ஓர் அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு மட்டும் பெரிதாக்கி எடுப்பது மேல். எந்தக் கண் முதன்மைக் கேமரா என்று தெரியாவிட்டால், கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடினால் திரை இருண்டுபோகிறதோ அதுதான். கிளிப் லென்ஸையும் அந்தக் கண்ணின் மேல் நேராகப் பொருத்த வேண்டும். அரை விரற்கடை விலகினாலும் படத்தின் ஓரம் கறுத்துவிடும். போன் உறையைக் கழற்றிவிட்டு மாட்டினால் சரியாக உட்காரும்.

கிளிப் லென்ஸ் வாங்கும்போது 20 மடங்கு, 30 மடங்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மடங்கு கூடக்கூடப் பூச்சிக்கு அவ்வளவு அருகில் போக வேண்டும். போனின் நிழலே பூச்சிமேல் விழும், பூச்சி பறந்துவிடும், தலை தெளிவாக இருந்தால் வால் மங்கும். விவசாயிக்கு 10 அல்லது 15 மடங்கு போதும். பிளாஸ்டிக் அல்ல, கண்ணாடி லென்ஸாகக் கேட்டு வாங்க வேண்டும். கூடவே வரும் 'மீன்கண்' லென்ஸ் குழந்தைகள் விளையாடத்தான் ஆகும். வேளாண் மாணவர்கள் பையில் வைத்திருக்கும் 10 மடங்கு கைலென்ஸ் வீட்டில் இருந்தால் அதுவும் செலவுதான் மிச்சம். போன் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் அதே வேலையைச் செய்யும். அரை மில்லிமீட்டர் அளவுள்ள செஞ்சிலந்தியைக்கூட இதில் பார்க்கலாம்.

லென்ஸ் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சட்டைப்பையில் கிடக்கும் போனின் கண்ணில் வியர்வையும் எண்ணெயும் படிந்திருக்கும். 'கேமரா சரியில்லை' என்று சொல்லப்படும் போன்களில் பல, சுத்தமான பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்ததும் சரியாகிவிடுகின்றன.

நேரம் காலையாக இருக்கட்டும். பனி ஈரத்தில் பூச்சிகள் மந்தமாக உட்கார்ந்திருக்கும், காற்றும் குறைவு. உச்சி வெயிலில் எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒருவர் வெள்ளைத் துண்டை விரித்து நிழல் கட்டட்டும். திரையில் பூச்சியின்மேல் விரலால் ஒருமுறை தொட்டால் அங்கே தெளிவு வரும். பிறகு போனை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி ஐந்தாறு படம் எடுத்தால் ஒன்றாவது தேறும்.

எதைப் படம் எடுப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் பரவிய அமெரிக்கன் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். புழுவின் முதுகை மட்டும் எடுத்து அனுப்பினால் அது எந்தப் புழுவாகவும் இருக்கலாம். தலையில் தலைகீழாகக் கவிழ்த்த 'ஒய்' எழுத்தும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஆக இரண்டு படம் வேண்டும்: நேர் எதிரே தலை, மேலிருந்து வால்.

தென்னையில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தெரியவந்த சுருள் வெள்ளை ஈக்கும் இப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. ஓலையின் அடியில் உள்ள கூட்டுப்புழுக்களில் கறுத்துப் போனவை இருந்தால், 'என்கார்சியா' என்ற ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். வட்டமான துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது. ஓர் ஓலையில் கறுத்தவை எத்தனை, வெள்ளை எத்தனை என்று படத்தில் எண்ணிவிடலாம். மருந்து தேவையா என்ற கேள்விக்குப் பதில் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

செல்போனைத் தாண்டி

ஆத்தூர் மகளுக்கு ஆசை அடுத்த படிக்குப் போயிற்று. சேலத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் சித்தப்பாவிடம் பழைய கேமரா ஒன்று சும்மா கிடந்தது. அதோடு 18-55 லென்ஸும். இந்த எண்கள் மில்லிமீட்டரில் சொல்லும் குவியத்தூரம். எண் சின்னதாக இருந்தால் அகலமான காட்சி, பெரிதாக இருந்தால் தூரத்துப் பொருள் பக்கத்தில் வரும். 18-இல் முழு வயல். 55-இல் ஓர் ஆள். வேலிமேல் உட்கார்ந்திருக்கும் கரிச்சானை எடுக்க அது பத்தாது. பறவைக்குக் குறைந்தது 300 வேண்டும். 55-250, 70-300 லென்ஸ்கள் பழையதாகக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன. சிறிய சென்சார் உள்ள கேமராவில் 300 லென்ஸ், ஏறத்தாழ 450 போல நெருக்கிக் காட்டும் என்பது ஒரு லாபம்.

பூச்சிக்கு என்றே செய்யப்பட்ட 90, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்கள் அருமையானவை, விலையும் அப்படித்தான். சின்னக் குடும்பம் அதற்குக் கடன் வாங்குவது வீண். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய் ஒன்று இருக்கிறது. 'எக்ஸ்டென்ஷன் டியூப்' என்பார்கள். உள்ளே கண்ணாடியே கிடையாது. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. நீளக் குழாய் போட்டால் பூச்சி தன் முழு அளவிலேயே சென்சாரில் விழும். அதைவிட மலிவு, 18-55 லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட உதவும் வளையம். சித்தப்பா அதைத்தான் வாங்கிக்கொடுத்தார். தானாகத் தெளிவு பிடிக்காது, கையால்தான் பார்க்க வேண்டும். பொறுமை இருந்தால் கொசுவின் கண்ணையே எடுக்கலாம்.

திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன், யானைகளையும் காட்டு மாடுகளையும் கருப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே ஒட்டுப்போட்டுச் செய்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து அதில்தான் அவர் எடுத்தார்.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் விளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் உள்ளே பூஞ்சாணம். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நல்ல லென்ஸுக்கும் இது வரும். தோல் பையில் பூட்டிவைக்காமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் தப்பும். கதிரடிக்கும் களத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றவே கூடாது. தூசி நேரே சென்சாரில் போய் உட்காரும்.

படத்தை அனுப்பும் முறை

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பாடுபட்டு எடுத்த தெளிவு வழியிலேயே போய்விடும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். ஒரு படம் போதாது. முழு வயல், ஒரு செடி, ஓர் இலை, பூச்சி என்று நாலு படம். பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் அளவு புரியும். பயிரின் வயது, ரகம், கடைசியாக என்ன அடித்தீர்கள், எப்போது என்பதைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். மருந்து அடித்ததை மறைப்பதால்தான் பாதி யோசனைகள் தவறிப்போகின்றன.

பெயர் தெரியாத படத்தைக் கதைகட்டி ஊர்க் குழுவில் போடுவது ஆபத்து. பருத்தியில் இருக்கும் ஒரு முள்புழுவின் படம், 'தீண்டினால் ஐந்து நிமிடத்தில் மரணம்' என்ற செய்தியோடு 2022-இல் நாடெங்கும் சுற்றியது. அந்தப் புழு பட்டால் எரியும், தடிக்கும், அவ்வளவுதான். பயந்து களையெடுக்க வர மறுத்தவர்களின் கூலியை யார் கொடுப்பது?

பெயர் கேட்பதற்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவசச் செயலி இருக்கிறது. படம், தேதி, இடம் சேர்த்துப் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஆனால் அங்கே கிடைக்கும் பெயரை வைத்து மருந்து முடிவு செய்ய வேண்டாம். வேளாண் அறிவியல் நிலையத்திலோ அலுவலரிடமோ காட்டிவிடுங்கள். பறவைகளுக்கு இபேர்ட். 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் தோட்டத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணியதை அதில்தான் பதிகிறார்கள். அதற்குக் கேமராவே வேண்டியதில்லை.

கூட்டைப் படம் எடுப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். கிளையை விலக்கினால் காக்கைக்கு வழி காட்டியதாகும். எலியைப் பிடிக்கும் கூகை தங்கும் பொந்தின் இடத்தையும் வெளியில் சொல்லக் கூடாது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும் படத்தோடு இட விவரமும் சேர்ந்து போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆத்தூர் தோட்டத்தில் பங்குனிக் கடைசியில் எடுத்த படங்களில் புதிதாக ஒன்று தெரிந்தது. மாவுப்பூச்சிகளில் சில பழுப்பு நிறத்தில் உப்பி, கெட்டியாகி, முதுகில் துளையோடு கிடந்தன. மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது 2020-இல், கேரளத்தின் திருச்சூரில். அதை அடக்க 'அனகைரஸ் லோபெசி' என்ற சின்னக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ஆத்தூருக்கும் ஏத்தாப்பூருக்கும் தூரம் அதிகமில்லை. படத்தைப் பார்த்த அலுவலர், உப்பிய பூச்சிகள் உள்ள நுனிகளை எரிக்க வேண்டாம் என்று உடனே போன் செய்தார். பக்கத்துக் காட்டிலும் மாவுப்பூச்சி ஏற்கெனவே இருந்தது. அந்தக் காட்டுக்காரர் மறுநாள் விடியற்காலை வந்து, பழுப்புப் பூச்சிகள் ஒட்டிய நாலைந்து நுனிகளை ஒடித்துக்கொண்டு போய்த் தன் செடிகளின் இடுக்கில் செருகியிருக்கிறார்.