இலவச கண் முகாமுக்கு காசு யார் தர்றாங்க? லயன்ஸ் கிளப் பின்னணி இதுதான்

மதுரை:
ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் பேனர். ஆட்டோவில் மைக் கட்டி 2 நாளாக அறிவிப்பு. "அரிமா சங்கம் நடத்தும் இலவச கண் சிகிச்சை முகாம்" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 2 சிங்க முகம். தென் மாவட்டங்களில் இந்தக் காட்சியைப் பார்க்காத ஊர் குறைவு.

ஆனாலும் முகாம் வாசல் வரை வந்துவிட்டு திரும்பிப் போகிறவர்கள் இன்னும் உண்டு. "சும்மா யாராவது ஆபரேஷன் செய்வாங்களா? பின்னாடி காசு கேட்பாங்க" என்ற பயம்தான் காரணம். பயந்து தள்ளிப்போட்டால் நஷ்டம் கண்ணுக்குத்தான். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

ஹெலன் கெல்லர் கேட்ட உதவி

லயன்ஸ் கிளப் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1917-ம் ஆண்டு தொடங்கியது. இன்சூரன்ஸ் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் என்பவர்தான் இதற்கு மூலகாரணம். வியாபாரிகள் தங்கள் லாபத்துக்காக மட்டும் கூடிப் பேசாமல், ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர் யோசனை.

சின்ன வயதிலேயே கண் பார்வையையும் காது கேட்கும் திறனையும் இழந்த ஹெலன் கெல்லர், 1925-ல் ஓஹியோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டுக்கு வந்தார். பார்வையற்றவர்களுக்கு துணையாக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று முதல் கண் சேவை இந்தச் சங்கத்தின் முக்கிய வேலையாகிவிட்டது.

1930-ல் பியோரியா என்ற ஊரில், பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கம்புடன் ரோட்டைக் கடக்க முடியாமல் தவித்ததை லயன்ஸ் உறுப்பினர் ஒருவர் பார்த்தார். வண்டி ஓட்டுபவர்களுக்கு பளிச்சென்று தெரியட்டும் என்று கம்புக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கும் யோசனை அங்கே பிறந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க பார்வையற்றவர்கள் கையில் இருக்கும் வெள்ளைக் கம்பு பரவ அந்தச் சங்கமும் ஒரு காரணம். இந்தியாவுக்கு லயன்ஸ் 1956-ல் வந்தது.

2 கணக்கு, 2 பணம்

சங்கத்தில் பணத்துக்கு ஒரு கறாரான விதி உண்டு. உறுப்பினர்கள் கட்டும் சந்தா ஒரு கணக்கு. கூட்டம், சாப்பாடு, ஆபீஸ் செலவெல்லாம் அதில்தான். நன்கொடை டிக்கெட், இசைக் கச்சேரி, உண்டியல் என்று பொதுமக்களிடம் வாங்கும் பணம் தனிக் கணக்கு. அதில் நிகழ்ச்சி செலவு போக மீதி முழுவதும் மக்களுக்கே திரும்ப வேண்டும். உறுப்பினர்கள் அதைத் தங்கள் சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது.

உலக அளவில் நன்கொடை திரட்ட 1968-ல் தனி அறக்கட்டளை தொடங்கினார்கள். 1990-ல் பார்வை இழப்பைத் தடுக்க "சைட் பர்ஸ்ட்" என்ற திட்டம் வந்தது. அதில் மதுரைக்கும் பங்கு கிடைத்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி வெறும் 11 படுக்கையுடன் தொடங்கினார். மூட்டு நோயால் விரல்கள் கோணிப்போன பிறகும் ஆபரேஷன் செய்தவர் அவர். காசு கட்டுகிறவர்களிடம் வரும் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்பதுதான் அங்குள்ள ஏற்பாடு. இந்த முறையை மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் கற்றுத்தரும் பயிற்சி நிலையம் 1992-ல் மதுரையில் தொடங்க லயன்ஸ் அறக்கட்டளை உதவியது. நிலையத்தின் பெயரிலேயே "லயன்ஸ் அரவிந்த்" என்று இருப்பது குறிப்பிடத்தக்கது.

யாருக்கு என்ன வேலை?

இடம் பிடிப்பது, நோட்டீஸ், மைக், பந்தல், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் சங்கத்தின் பொறுப்பு. டாக்டர்கள், கருவிகள், ஆபரேஷன் எல்லாம் ஆஸ்பத்திரி பொறுப்பு. இலவசமாக செய்யும் கண்புரை ஆபரேஷனுக்கு அரசின் பார்வை இழப்பு தடுப்புத் திட்டத்திலும் மானியம் உண்டு.

ஆரம்ப காலத்தில் ஆபரேஷன் மட்டும் இலவசமாக இருந்தது. ஆனாலும் பலர் வரவில்லை. பஸ் செலவு, துணைக்கு வருகிறவரின் கூலி, சாப்பாடு... இதற்கெல்லாம் எங்கே போவது? அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் முகாமில் இருந்தே பஸ்சில் கூட்டிப்போய், தங்க வைத்து, சாப்பாடு போட்டு, லென்ஸ் வைத்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் முறை வந்தது.

"முத்தட்டும்"னு இருக்காதீங்க

புரை நன்றாக முத்திய பிறகுதான் எடுக்கணும் என்பது பழைய காலத்துப் பேச்சு. அப்போது லென்ஸ் வைக்கும் வசதி பரவவில்லை. ஆபரேஷன் முடிந்து சோடாபுட்டி கண்ணாடி போட வேண்டியிருந்தது. இப்போது அப்படி இல்லை. அன்றாட வேலைக்கு பார்வை இடைஞ்சலாக இருந்தாலே டாக்டரிடம் கேட்கலாம். ரொம்ப முத்தினால் கண்ணில் அழுத்தம் கூடி வலி வரவும் வாய்ப்பு உண்டு.

புரையால் மங்கிய பார்வை பெரும்பாலும் ஆபரேஷனில் திரும்பிவிடும். ஆனால் கண் நீர் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. ஆரம்பத்தில் அதற்கு வலியும் இருக்காது. எனவே 40 வயது தாண்டியவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும், "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லாமல் சோதித்துக்கொள்வது நல்லது.

முகாமுக்குப் போகும்போது அடையாள அட்டை நகல், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ஒரு மாற்றுத் துணி எடுத்துப் போவது நல்லது. எல்லா முகாமும் ஒரே மாதிரி இருக்காது. லென்ஸ், மருந்து, பஸ், சாப்பாடு இதில் எது எது இலவசம் என்று பெயர் பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எப்போதோ வாங்கிய நன்கொடை டிக்கெட் காசும் அதில் இருக்கலாம்.