குப்பை யார் வாசலில் கொட்டப்படுகிறது?

சென்னை மாநகரில் ஒரு நாளைக்கு 5 ஆயிரம் டன்னுக்கும் அதிகமான குப்பை சேருகிறது. திருவொற்றியூர் முதல் அண்ணா நகர் வரையிலான மண்டலங்களின் குப்பை பல ஆண்டுகளாகக் கொடுங்கையூர் கிடங்குக்குத்தான் போகிறது. 300 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் அந்தக் கிடங்கைச் சுற்றி வாழ்பவர்கள் யார்? தூய்மைப் பணியாளர்கள், மூட்டை தூக்குவோர், வீட்டு வேலை செய்வோர், குப்பை பொறுக்கிப் பிழைப்போர். இவர்களில் தலித் மக்கள் ஏராளம். குப்பை போடுகிறவர் ஒரு பகுதியில் இருக்கிறார். அதன் புகையைச் சுவாசிக்கிறவர் வேறொரு பகுதியில் இருக்கிறார்.

இந்த அநீதிக்கு எதிரான குரல் உலகின் காதில் விழுந்தது 1982-ல். அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாரன் கவுண்டியில் நச்சு கலந்த மண்ணைப் புதைக்க மாநில அரசு முடிவு செய்தது. லாரிகளை மறித்து மக்கள் சாலையில் படுத்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கைத் தடுக்க முடியவில்லை. ஆனால் 'சுற்றுச்சூழல் நீதி' என்ற கோரிக்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. அபாயக் கழிவுக் கிடங்கு எங்கே அமைகிறது என்பதை வருமானத்தைவிட இனமே அதிகம் தீர்மானிக்கிறது என்று 1987-ல் அங்கே ஓர் ஆய்வு காட்டியது.

அங்கே இனம் செய்ததை இங்கே சாதி செய்கிறது. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். ஊரின் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, செத்த மாட்டை எந்தப் பக்கம் இழுத்துப் போகிறார்கள் என்று கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கிராம அமைப்பைக் கடுமையாகச் சாடினார் அம்பேத்கர். நகரத்துக்குப் போனால் சாதி விடும் என்று நம்பி நம் மக்கள் ரயிலேறினார்கள். நகரமோ சேரிக்கு வேறு பெயர் வைத்தது. கூவம், அடையாறு கரைகளில் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. தென்சென்னையின் குப்பை குவிந்த பெருங்குடியும் அந்தப் பக்கம்தான்.

குப்பை உடம்பை என்ன செய்யும்? மக்கும் குப்பை காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உருவாகிறது. கோடையில் அது எளிதில் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்தால் டையாக்சின் போன்ற நஞ்சு கிளம்பும். புகையில் உள்ள நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அது நுரையீரலின் ஆழம்வரை போய் ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா, இதய நோய், பக்கவாதம் எல்லாம் இதனால் கூடுகின்றன. மழைக் காலத்தில் குப்பைமேட்டின் கசிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. வசதியுள்ளவர் ஜன்னலை மூடி ஏசி போட்டுக்கொள்வார். கேன் தண்ணீர் வாங்குவார். தினக்கூலி வாங்குபவருக்கோ, மூச்சுத்திணறலோடு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு.

இந்த நிலையில், அதே கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையைக் கையாளும் எரி உலைத் திட்டத்தை மாநகராட்சி கொண்டுவந்தது. மின்சாரம் கிடைக்கும், குப்பைமேடு வளராது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து அதை எதிர்த்தார்கள். நம் குப்பையில் ஈரம் அதிகம். வீட்டிலேயே பிரித்தால் பெரும்பகுதி உரமாகும். பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொன்னன. அண்ணா நகரின் ஈரக் குப்பையை அண்ணா நகரிலேயே உரமாக்கினால் கொடுங்கையூர் ஏன் சுமக்க வேண்டும்?

மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உறுதிசெய்தது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இது சென்னைக் கதை என்று விட்டுவிட வேண்டாம். மாணவர்களே, உங்கள் ஊரின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். குப்பைமேடு, கழிவுநீர் வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி, சுகாதார நிலையம் நான்கையும் குறியுங்கள். பிறகு ஊர்த் தெருவையும் காலனியையும் குறியுங்கள். எது யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரியவர்களே, அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். குப்பைமேட்டைக் குடியிருப்பை விட்டு அகற்றவும், காலனியில் மருத்துவ முகாம் நடத்தவும், குடிநீரைச் சோதிக்கவும் தீர்மானம் கேளுங்கள். அது பதிவேட்டில் எழுதப்படும்வரை எழுந்து வராதீர்கள்.